மாமியாரைக் கண்டுகொள்ளாத கேமரா

அந்த அரங்கத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஒலியைப் பார்ப்பவர் சவுண்டு, விளக்கைப் பார்ப்பவர் லைட்டு, திரையை ஏற்றி இறக்குபவர் கயிறு. கயிற்றை எடுத்துவிட்டு மோட்டார் வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. இருந்தும் அவர் கயிறுதான். மேடையின் பின்சுவரில் படம் ஓட்டுகிறவளை ஸ்க்ரீன் என்றார்கள். எட்டு வருஷமாக அவள் ஸ்க்ரீன். நாமும் ஸ்க்ரீன்காரி என்றே வைத்துக்கொள்வோம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்த எட்டு வருஷமும் அவள் ஓட்டியதெல்லாம் அடுத்தவர் எடுத்த படம். யாராவது ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் நிலா இருக்கும், மழை இருக்கும், எரிகிற காடு இருக்கும். "இப்ப" என்று சொன்னதும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்து நன்றி சொல்கிறவர்கள் "மற்றும் தொழில்நுட்ப உதவியாளர்கள்" என்று ஒரு கைவீச்சில் அவளையும் நாற்காலிகளையும் சேர்த்தே முடித்துவிடுவார்கள். அவளுக்கு எரிச்சல் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. வயிறு எரிந்தது.

அதனால்தான் அவள் மூன்று வருஷமாக வீட்டில் உட்கார்ந்து ஒரு மென்பொருளைக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் இதுதான்: கேமரா மேடையைப் பார்க்கும். ஆடுகிறவரின் தோள் எங்கே, முழங்கை எங்கே, முட்டி எங்கே என்று நொடிக்கு முப்பது தடவை கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததை வைத்து அந்த நொடியே பின்சுவரில் ஒரு கடலை வரையும். கை உயர்ந்தால் அலை உயரும். இரண்டு கையையும் விரித்தால் அலையிலிருந்து பறவைகள் கிளம்பும். ஆடுகிறவர் உட்கார்ந்தால் கடலும் அடங்கிவிடும். எடுத்து வைத்த படம் இல்லை, அங்கேயே அப்போதே பிறக்கிற படம். யாருடைய பென்டிரைவும் அதற்கு வேண்டாம்.

அரங்க மேலாளருக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவரிடம் கடல் வரைந்த துணி ஒன்று இருந்தது. முப்பது வருஷத் துணி, ஓரத்தில் கொஞ்சம் எலி கடித்தது.

"கடல் வேணும்னா துணி இருக்கே," என்றார் அவர். "யார் ஆடினாலும் ஒரே மாதிரி நிக்கும். அதுக்குக் கரண்ட்டும் வேண்டாம்."

கல்லில் நார் உரிப்பதுபோல் நாலு மாதம் அவரிடம் பேசி, கடைசியில் ஒரே ஒரு வாய்ப்பை வாங்கினாள். "ஒரு தடவை பாக்கலாம்," என்றார் மேலாளர். "படம் ஆடுறவங்க பின்னாடி போகணும். போகலைன்னா துணிதான். நீ பழையபடி பட்டனை அமுக்கு. அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

வாய்ப்பு கிடைத்தது லேசுப்பட்ட ஆளின் நிகழ்ச்சிக்கு இல்லை. நாற்பது வருஷமாக ஆடுகிற பெரிய நடனக்கார அம்மா. அவருக்கு ஒரு கொள்கை உண்டு: பார்க்க ஆள் இல்லாத மேடையில் காலை வைக்கமாட்டார். ஒத்திகை என்ற பேச்சுக்கே இடமில்லை. யாரையும் படம் பிடிக்கவும் விடமாட்டார். அவரிடமிருந்து வந்தது ஒரு சின்னத் தாள் மட்டும். "முதலில் நான் கடலைத் தேடுவேன். பிறகு கடல் என்னைத் தேடும். முடிவு அன்றைக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தது. இதை வைத்துக்கொண்டு மென்பொருளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

பழக்குவதற்கு ஒரு உடம்பு வேண்டும். வீட்டில் ஒரு உடம்பு சும்மா இருந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பார்த்து எழுதிக்கொடுப்பவர். பகல் முழுக்க "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் குழம்பு எப்படி என்று கேட்டால்கூட "முன்ன வச்சது தெளிவா இருந்துச்சு" என்பார். நல்ல மனிதர். குட்டையாக, உருண்டையாக, மூக்கில் தடித்த கண்ணாடியோடு இருப்பார். அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது மனைவியா அலமாரியா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். மூன்று வாரம், கடையிலிருந்து வந்ததும் சோபாவை நகர்த்திவிட்டு, ஹாலில் கேமராவுக்கு முன்னால் அவரை ஆடவிட்டாள். கையைத் தூக்கினார், காலைத் தூக்கினார், குனிந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒவ்வொன்றையும் மென்பொருளுக்குக் காட்டி, "இவர்தான் ஆடுபவர், இவரைப் பிடி" என்று சொல்லிக்கொடுத்தாள்.

இதில் ஒரே தொல்லை மாமியார். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகில் ஒரு கோணல் கிடையாது. துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஹாலின் நட்டநடுவில் நடந்துதான் பால்கனிக்குப் போவார். "அத்தை, கொஞ்சம் ஓரமா" என்றால், "நான் உங்க ஆட்டத்துக்கு நடுவுல நடக்கல. நான் நடக்கிற வழியில நீங்க ஆடுறீங்க" என்பார். அவர் வந்ததும் மென்பொருள் ஆடுபவரை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொள்ளும். அவர் ஒரு போர்வையை உதறினால் கடலில் புயல் அடிக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் அவரைக் காட்டி, "இவர் மற்றவர், விட்டுவிடு" என்று சொல்லிக்கொடுத்தாள். எண்பது தடவையாவது இருக்கும். மூன்று வாரம் ஒரு மருமகள் ஒரு இயந்திரத்துக்கு உட்கார்ந்து, மாமியாரைக் கண்டுகொள்ளாதே என்று பாடம் நடத்தினாள். அதுவும் நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டது.

உடம்பு என்றால் உடம்புதானே, யாரை வைத்துப் பழக்கினால் என்ன என்று அவள் நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நிகழ்ச்சி. மூன்றே முக்காலுக்கு அரங்கு நிறைந்துவிட்டது. மாமியாருக்கு மூன்றாவது வரிசையில், மேலாளருக்குப் பக்கத்தில் இடம். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்படியே மனைவிக்கு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று மேடைக்குப் பின்னால் வந்தார்.

வந்தபோது ஸ்க்ரீன்காரி மேடை ஓரத்து மேஜையில் மடிக்கணினியைப் பார்த்தபடி வெலவெலத்துப் போயிருந்தாள்.

நடனக்கார அம்மா அப்போதுதான் வந்து, எதிர்ப்பக்கத்து மறைவில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். நெட்டையாக, ஒல்லியாக, முதுகில் ஒரு கோணல் இல்லாமல். ஸ்க்ரீன்காரி கேமராவை அவர் பக்கம் திருப்பினாள். மடிக்கணினியில் அவரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் விழுந்தது. "மற்றவர்," என்றது மென்பொருள், "தொண்ணூற்றேழு சதவீதம்." கேமராவை எடுத்துவிட்டு மறுபடி காட்டினாள். தொண்ணூற்றெட்டு என்றது. அதற்கு ஒரு சந்தேகமும் இல்லை. கற்ற பாடப்படி அது மாமியாரைக் கண்டுகொள்ளாமல் இருந்தது.

"என்னம்மா, எல்லாம் தெளிவா இருக்கா?" என்று கேட்டபடி வீட்டுக்காரர் கேமராவுக்குக் குறுக்கே வந்தார். அவரைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. மூடிய திரைக்குப் பின்னால், நாற்பது அடிச் சுவரில், கடல் பொங்கி எழுந்தது.

மறுபடி பழக்க இரண்டு மணி நேரம் வேண்டும். இருப்பது பத்து நிமிஷம். "மற்றவரைப் பிடி" என்று மாற்றிவிடலாம்தான். ஆனால் மேடையில் வாத்தியக்காரர்கள் நாலு பேர் உட்காரப் போகிறார்கள், அவர்களும் மற்றவர்தான். மிருதங்கக்காரர் முதுகைச் சொறிந்தால்கூட அலை அடிக்கும். கடல் துணி மேடைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் சுருட்டி வைத்தபடி தயாராக இருந்தது. மேலாளர் ஒரு சைகை காட்டினால் போதும், கயிறு இரண்டே நிமிஷத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டுவிடுவார்.

சாமான் அறை என்று நினைத்ததும் அவளுக்கு ஒரு புத்தி வந்தது. நல்ல புத்தி என்று சொல்லமாட்டேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்களே, அந்த ரகம்.

"ஏங்க," என்றாள், "உங்களுக்கு இப்ப ஒரு வேலை இருக்கு."

"அம்மாவுக்குத் தண்ணி..."

"அத்தைக்குத் தாகம் தாங்கும். என்கூட வாங்க."

உடைந்த சிம்மாசனம், அட்டைக் கோட்டைச் சுவர், பிளாஸ்டிக் மரம், சுருட்டின கடல். இவற்றுக்கு நடுவில் ஆறடிக்கு ஆறடி இடம் இருந்தது. கேமராவைப் பிடுங்கிவந்து அங்கே நிறுத்தினாள். மேடையைக் காட்டுகிற சின்ன டிவியை எதிரில் வைத்தாள். கயிறிடம் மிச்சமிருந்த ஒரு ஹெட்செட்டை வாங்கி வீட்டுக்காரர் தலையில் மாட்டினாள்.

"டிவியில அவங்க என்ன செய்றாங்களோ, அப்படியே நீங்களும் செய்யணும். மெஷின் உங்களைத்தான் பார்க்கும். சுவர்ல அதுதான் வரும்."

வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். "அவங்க காலைத் தூக்கினா?"

"தூக்குங்க."

"எவ்வளவு?"

"உங்களால முடிஞ்ச அளவு. மெஷினுக்கு உங்க அளவுதான் தெரியும்."

"நான் எதுக்கும்மா இதுல..."

"ஏங்க, இன்னிக்கு விட்டா எனக்கு இன்னொரு நாள் இல்ல." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, கேமராவுக்கு முன்னால் போய் நின்றார்.

ஸ்க்ரீன்காரி தன் மேஜைக்கு ஓடினாள். திரை திறந்தது. இருட்டு. நடனக்கார அம்மா மேடை நடுவில் நின்று, வலது கையின் ஒரே ஒரு விரலை மெல்ல உயர்த்தினார். அரை நொடி கழித்துச் சுவரில் ஒரு வெள்ளிக்கோடு நடுங்கியபடி எழுந்தது. கூட்டத்தில் எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். அந்த நடுக்கம் கலை என்று அவர்கள் நினைத்தார்கள். அது வீட்டுக்காரரின் பயம்.

பிறகு பத்து நிமிஷம் நடந்ததை எப்படிச் சொல்வது? நடனக்கார அம்மா பாய்ந்து குதித்தார். வீட்டுக்காரர் நாலு அங்குலம் குதித்தார். சுவரில் கடல் ஒரு தடவை விக்கியது. அவர் மூன்று சுற்றுச் சுழன்றார். இவர் ஒன்றரைச் சுற்றில் தலைசுற்றிப் பிளாஸ்டிக் மரத்தைப் பிடித்துக்கொண்டார். பறவைக்கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து, சுவரின் ஓரத்தில் மோதி, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது. அரங்கம் கைதட்டியது. நடனக்கார அம்மா தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். நாற்பது வருஷமாக அவருக்குப் பின்னால் இருந்தது எல்லாம் அசையாத துணி. இன்றைக்கு என்னவோ ஒன்று பின்னால் மூச்சு வாங்குகிறது.

மூன்றாவது வரிசையில் மாமியார் மேலாளர் பக்கம் சாய்ந்து, "தம்பி, இந்தக் கடலை நான் எங்கயோ பார்த்திருக்கேன்," என்றாராம். "அது நிமிரும்போது இடுப்பைப் பிடிக்குது பாருங்க." இதைப் பிறகு மேலாளரே சொன்னார். அப்போது அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பதினோராவது நிமிஷம் ஸ்க்ரீன்காரியின் ஹெட்செட்டில் குரல் வந்தது.

"ஏம்மா, கண்ணாடி விழுந்துடுச்சு."

"எடுத்துப் போடுங்க."

"எங்க விழுந்துச்சுன்னு தெரிஞ்சா எடுத்துப் போட மாட்டேனா?"

அந்த ஹெட்செட்டில் பேசினால் சவுண்டுக்கும் லைட்டுக்கும் கயிறுக்கும் கேட்கும். சவுண்டு ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் குனிந்து தரையைத் தடவினார். சுவரில் கடல் முழுவதும் கீழே மடிந்து, சின்னச் சின்ன அலைகளாக மணலைத் தடவித் தடவித் தேடியது. நடனக்கார அம்மா அதைப் பார்த்தார். மெதுவாக மண்டியிட்டு அவரும் தரையைத் தடவத் தொடங்கினார். இரண்டு பேரும், ஆளும் கடலுமாக, எதையோ தொலைத்துவிட்டுத் தேடினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"கிடைச்சிடுச்சு," என்றது ஹெட்செட்.

"அப்பாடா."

"முட்டிக்கு அடியில கிடைச்சுது. ரெண்டா இருக்கு."

அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு டிவி ஒரு வெளிச்சப் புள்ளி. இனி என்ன செய்வது என்று தெரியாமல், சுருட்டி வைத்திருந்த கடல் துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சுவரில் கடல் அடங்கி ஒற்றைக் கோடானது. நடனக்கார அம்மாவும் உட்கார்ந்தார். கடல் எழுந்திருக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அவர் எழுந்தால் யாராவது சொல்லட்டும் என்று இவர் காத்திருந்தார். வாத்தியக்காரர்கள் ஆடுகிறவரைப் பார்த்து வாசிப்பவர்கள், ஆகவே அவர்களும் நிறுத்திவிட்டார்கள். பத்து நொடி போனது, இருபது, முப்பது. அரங்கில் யாரோ இருமினார்கள். மேலாளர் இருக்கையில் பாதி எழுந்து, கயிறு நிற்கும் பக்கம் திரும்பினார்.

"ஸ்க்ரீன்," என்றார் சவுண்டு, இப்போது சிரிக்காமல், "ஏதாவது பண்ணு."

ஆடுகிறவர் கடலுக்குக் காத்திருக்கிறார், கடல் ஆடுகிறவருக்குக் காத்திருக்கிறது, மற்ற எல்லாரும் இவர்கள் இரண்டு பேருக்கும் காத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்கிற இடத்தில் இருப்பவள் அவள் ஒருத்திதான். எட்டு வருஷமாக யாராவது "இப்ப" என்று சொன்ன பிறகே அவள் விரல் அசைந்திருக்கிறது. இன்றைக்கு அந்த "இப்ப"வைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

"ஏங்க," என்றாள். "கண்ணை மூடிக்கோங்க."

"மூடினாலும் திறந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

"நான் சொல்றதை மட்டும் செய்ங்க. உக்காந்தபடியே வலது கையை மேல கொண்டு போங்க. மெதுவா. தூங்குற குழந்தை மேல இருந்து போர்வையை எடுக்கிற மாதிரி."

கோடாகக் கிடந்த கடலிலிருந்து ஒரு அலை, ஒரே ஒரு அலை, சத்தமில்லாமல் எழுந்தது. நடனக்கார அம்மா அதை ஒரு நொடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் வலது கையை உயர்த்தினார்.

ஸ்க்ரீன்காரி ஹெட்செட்டின் மைக்கை வாய்க்கு அருகே இழுத்தாள்.

"அப்படியே நில்லுங்க. இப்ப எழுந்திரிங்க. அவசரமே இல்ல. இப்ப திரும்புங்க. யாரோ கூப்பிட்டாங்க, ஆனா உங்களைத்தானான்னு தெரியல, அப்படித் திரும்புங்க."

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. திரும்புங்க."

கடல் திரும்பியது. நடனக்கார அம்மா திரும்பினார். புல்லாங்குழல் ஒரு இழை எடுத்து அவர் பின்னால் போனது. அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. இடது கை என்றாள், ஒரு அடி பின்னால் என்றாள், கோபமாக ஒரு தடவை, மன்னித்த மாதிரி ஒரு தடவை என்றாள். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதே பெரிய உதவியாகப் போய்விட்டது. எதையும் யோசிக்காமல் அவள் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடினார். அவர் கண்ணை மூடி ஆடியதைக் கேமரா பார்த்தது, கேமரா பார்த்ததைச் சுவர் வரைந்தது, சுவரைப் பார்த்து அந்தப் பெரிய கலைஞர் ஆடினார். நாற்பது அடிச் சுவர், நாலு வாத்தியம், நானூறு பேர், எல்லாம் அவள் வாயில் இருந்த அடுத்த வார்த்தைக்காக நின்றன. பயம் போன இடம் தெரியவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, அன்றைக்குச் செருப்பு கடித்தது.

"ரெண்டு கையையும் விரிங்க," என்றாள் கடைசியில். பறவைகள் எழுந்து சுவரை நிறைத்தன. "போதும். கீழ விடுங்க."

சுவர் இருண்டது. நடனக்கார அம்மாவின் கைகள் இறங்கின. கைதட்டல் தொடங்கி, நிற்பதற்கு வெகுநேரம் ஆனது.

மேலாளர் ஓட்டமும் நடையுமாக மேடைக்குப் பின்னால் வந்தார். முகம் முழுக்கப் பல். "மெஷின்னா இது மெஷின். எவ்வளவு பொறுமை, எவ்வளவு உணர்ச்சி. ஒரு மனுஷன் செய்வானா இப்படி? துணியைத் தூக்கிப் போட்டுடலாம், ஸ்க்ரீன்."

அவருக்குப் பின்னாலேயே மாமியார் வந்தார். "தண்ணி வாங்கப் போன என் பையன் எங்க?"

சாமான் அறைக் கதவு திறந்தது. சுவரைத் தடவித் தடவி வீட்டுக்காரர் வெளியே வந்தார். சட்டை பிழிந்தால் ஒரு வாளி நிறையும். முட்டி இரண்டிலும் தூசி. தலையில் ஹெட்செட், கையில் இரண்டாகப் போன கண்ணாடி. மேலாளரைத் தொட்டுப் பார்த்து, "யாரு, கயிறா?" என்றார்.

"இவர் யாரு?" என்றார் மேலாளர்.

மாமியார் மகனைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்ததைப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, நீங்க சொல்ற மெஷினைப் பெத்தவ நான்தான்."

இதற்கு மேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஸ்க்ரீன்காரி மறைக்கவும் விரும்பவில்லை. "மெஷின் மேடத்தைக் கண்டுக்கல, சார். தப்பு என்னோடது. கண்டுக்காதேன்னு நான்தான் அதைப் பழக்கியிருக்கேன்."

"யாரைக் கண்டுக்காதேன்னு?" என்றார் மாமியார்.

"அதை வீட்டுல பேசிக்கலாம், அத்தை."

மேலாளரின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஏமாந்துவிட்டோம் என்கிற கோபம் அவருக்கு. "படம் ஆடுறவங்க பின்னாடி போகணும்னு சொன்னேன். போகல. பேச்சு பேச்சுதான். அடுத்த வாரத்துல இருந்து துணி. நீ பட்டனுக்குப் போ."

ஸ்க்ரீன்காரி தலையை ஆட்டினாள். கடலை எழுப்பி ஆட்டிய அந்தச் சில நிமிஷங்களை அனுபவித்தவளுக்குத் திரும்பவும் அந்தப் பொத்தான் என்றால், அது முன்னைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். கண்ணில் நீர் முட்டியது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்று மடிக்கணினியை மூடப் போனாள்.

"கடலை யார் எழுப்பினது?"

கழுத்தில் துண்டும் காலில் செருப்புமாக நடனக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். மேலாளர் சட்டென்று குழைந்து, "மேடம், மன்னிக்கணும், ஒரு சின்னத் தில்லுமுல்லு நடந்துபோச்சு..." என்று தொடங்கினார். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"நான் உக்காந்துட்டேன். எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தோணல. நாப்பது வருஷத்துல முதல் தடவையா மேடையில எனக்கு ஒண்ணுமே தோணல. அப்ப யாரோ எழுந்திருன்னாங்க. யாரு?"

வீட்டுக்காரர் தன்னைக் காட்டக் கையைத் தூக்கினார். பாதியில் யோசித்து, மனைவி இருக்கும் திசையைக் காட்டினார். அவர் காட்டியது தீயணைப்பு வாளியை. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது.

"நான்தான், மேடம்," என்றாள் ஸ்க்ரீன்காரி.

"துணி வேணும்னு யாரோ சொன்னாங்களே."

"படம் உங்க பின்னாடி வரணும் இல்லைங்களா, மேடம்," என்றார் மேலாளர். "அது வரல."

"எல்லாரும் என் பின்னாடிதான் வராங்க. வாத்தியம் வருது, விளக்கு வருது, நீங்களும் வரீங்க. எனக்கு அலுத்துப்போச்சு." நடனக்கார அம்மா ஸ்க்ரீன்காரியின் தலையிலிருந்து ஹெட்செட்டைத் தானே கழற்றினார். தன் காதில் வைத்து, கொண்டையில் இடிக்காதபடி சரிசெய்தார். "அடுத்த ஆட்டத்துக்கு இது எனக்கு வேணும். நீ சொல்லு, நான் செய்றேன்."

"அப்ப நான்?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க முதல்ல ஒரு கண்ணாடி வாங்குங்க," என்றார் அந்த அம்மா.

மேலாளர் வாயைத் திறந்தார். மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். முப்பது வருஷம் மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைத்த பார்வை அது.

"என்ன நிக்கற?" என்றார் நடனக்கார அம்மா. "அடுத்த ஆட்டம் எப்படித் தொடங்கும்?"

அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இந்தத் தடவை சொல்ல வேண்டியதைத் தேட அவளுக்கு மூன்று நொடிதான் ஆனது.

"தரையில படுத்துக்கோங்க, மேடம்," என்றாள். "செருப்பைக் கழட்ட வேண்டாம்."

மேலாளர் பதறிப்போய் ஒரு நாற்காலியை இழுத்தார். அதற்குள், நாற்பது வருஷமாக யார் சொல்லையும் கேட்காத அந்த அம்மா, துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, தூசித் தரையில் நீட்டிப் படுத்தார்.

"ம்," என்றார். "அடுத்தது?"